நுண்ணுயிரி நுழைந்ததை செல் எப்படி அறிகிறது? ஒரே மூலக்கூறின் பின்னால் நடந்து பார்க்கும் வழிகாட்டி

பிறக்கும்போதே உடலில் இருக்கும் முதல்கட்டக் காவலான பிறவி நோயெதிர்ப்பு என்ற பாடத்தைத் திறந்ததும் மிரட்டுவது பெயர்கள்தான். டிஎல்ஆர்4, மைடி88, ஐராக்4, டிராஃப்6, டாக்1, நீமோ. நடுவில் அம்புக்குறிகள் நிறைந்த ஒரு படம். அதை மனப்பாடம் செய்து தேர்வில் வரைந்துவிட்டு மறுவாரமே மறந்துவிடுகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் படித்தேன், இரண்டு முறையும் மறந்தேன். மூன்றாம் முறை எல்பிஎஸ் என்ற பாக்டீரியக் கொழுப்பை, ஒரே ஒரு மூலக்கூறை, எடுத்துக்கொண்டு, அது செல்லுக்கு வெளியே கிடப்பதிலிருந்து உட்கருவில் மரபணு இயங்கத் தொடங்குவது வரை அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மற்ற பாதைகள் அதற்கப்புறம் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன.

இங்கும் அதே வழிதான். போகும் வழியெல்லாம் இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்திருங்கள். இந்த ஏற்பி, அதாவது கிருமியின் பாகத்தைப் பிடிக்கும் புரதம், எங்கே நிற்கிறது? செய்தி சொல்ல அது யாரோடு கூடுகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தவர் பெயர்களை மறந்தாலும் படத்தைத் திரும்ப வரைந்துவிடுவார்.

படி 1: எதைத் தேடுகிறது என்று முதலில் பாருங்கள்

பி செல்கள், டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் ஏற்பிகளுக்கான மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிக் கணக்கற்ற வடிவங்களை உண்டாக்கிக்கொள்கின்றன. ஆனால் பொருத்தமான செல் பெருகி வேலைக்கு வருவதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். பிறவி நோயெதிர்ப்பு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. பெற்றோரிடமிருந்து வந்த மரபணு எப்படியோ, ஏற்பியும் அப்படியே. டோல் வகை ஏற்பிகள், அதாவது டிஎல்ஆர்கள், மனிதருக்கு மொத்தமே 10.

பத்தே பத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆயிரம் கிருமிகளை எப்படிப் பிடிப்பது? எதை மாற்றினால் கிருமியே பிழைக்காதோ, அல்லது பிழைத்தாலும் முடங்கிப்போகுமோ, அந்தப் பாகத்தைப் பிடிப்பதுதான் வழி. பாக்டீரியாவின் செல்சுவர், வெளிச்சவ்வின் கொழுப்பு, நீந்த உதவும் கசையிழையின் உள்பகுதி எல்லாம் அப்படிப்பட்டவை.

இந்த யோசனையை 1989இல் முன்வைத்தவர் சார்லஸ் ஜேன்வே. அன்றைக்கு அப்படி ஓர் ஏற்பியைக்கூட யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அவருக்கு உறுத்தியது ஒரு சின்ன விஷயம்: தூய புரதத்தை மட்டும் ஊசி போட்டால் உடல் சரியாக எதிர்வினை காட்டாது, செத்த பாக்டீரியா மாதிரி எதையாவது கூடக் கலக்க வேண்டும். எல்லோரும் கலந்தார்கள், ஏன் என்று எழுதவில்லை. இதை நோயெதிர்ப்பியலாளர்களின் ‘அழுக்கு ரகசியம்’ என்று அவர் கிண்டலடித்தார். பாக்டீரியா வந்திருக்கிறது என்று முதலில் யாரோ சொன்னால்தான் பி, டி செல்கள் எழுந்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடலில் நமக்கு உதவியாக வாழும் பாக்டீரியாவிடமும் இதே பாகங்கள் உண்டு. ஆகவே ஏற்பிக்கு நண்பன், எதிரி என்ற பேதம் தெரியாது. இந்தப் பொருள் இந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

படி 2: ‘டோல்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது

விரைவாகப் பார்த்துவிடலாம். பழ ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணுக்களைத் தேடியபோது கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவினருக்குக் கிடைத்தது டோல். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு அசத்தல் என்று பொருள். நோயெதிர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் டோல் பழுதான ஈக்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைத் தொற்றவைத்தார்கள். ஈக்கள் உடலெங்கும் பூஞ்சை முளைத்துச் செத்தன. மறுவருடமே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிட்டோவும் மனிதரிடம் அதே மாதிரி ஒரு மரபணு இருப்பதைக் காட்டினார்கள்.

1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் கண்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சி3எச்/ஹெச்இஜே என்ற சுண்டெலி இனத்துக்கு எல்பிஎஸ் என்ற பாக்டீரியக் கொழுப்பை எவ்வளவு ஊசி போட்டாலும் ஒன்றும் ஆகாது. கேட்கக் கொடுப்பினை போலத் தோன்றும். ஆனால் உயிருள்ள சால்மொனெல்லா தொற்றினால் மற்றச் சுண்டெலிகளைவிட எளிதில் செத்துவிடும். காரணம், டிஎல்ஆர்4 புரதத்தில் 712ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின். ஒரே ஓர் அமினோ அமிலம். அதுவும் எல்பிஎஸ்ஸைப் பிடிக்கும் வெளிப்பகுதியில் இல்லை, செல்லுக்குள் நீண்டிருக்கும் வால் பகுதியில். காது கேட்கிறது, வாய் பேசவில்லை. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

படி 3: செல்லுக்கு வெளியே, கைமாறும் கொழுப்பு

நாம் பின்தொடரப் போவது இந்த எல்பிஎஸ்ஸைத்தான். கிராம்-நெகடிவ் பாக்டீரியாவின், அதாவது வெளிப்புறம் கூடுதலாக ஒரு சவ்வு உள்ள வகையின், வெளிச்சவ்வில் வரிசை வரிசையாக நிற்கும் பொருள் இது. அதன் அடிப்பகுதிக்கு லிப்பிட் ஏ என்று பெயர்: இரண்டு சர்க்கரை, இரண்டு பாஸ்பேட், அவற்றிலிருந்து தொங்கும் கொழுப்பமில வால்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் ஆறு வால்கள்.

கொழுப்பு தண்ணீரில் தனியாக மிதக்காது, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகத்தான் கிடக்கும். அந்தத் திரளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க இரத்தத்தில் எல்பிபி என்ற புரதம் இருக்கிறது. அது சிடி14 என்ற புரதத்துக்குக் கைமாற்றும். சிடி14 அதை டிஎல்ஆர்4ஓடு ஒட்டியிருக்கும் எம்டி-2 என்ற புரதத்திடம் ஒப்படைக்கும்.

எம்டி-2 ஆழமான ஒரு கிண்ணம் போன்றது. லிப்பிட் ஏயின் ஐந்து வால்கள் அந்தக் கிண்ணத்துக்குள் மடங்கி உட்கார்ந்துவிடும். ஆறாவதற்கு உள்ளே இடமில்லை. அது விளிம்பில் வெளியே தலைகாட்டும். எண்ணெய்ப் பசையுள்ள அந்த விளிம்புதான் பக்கத்தில் நிற்கும் இன்னொரு டிஎல்ஆர்4ஐ இழுத்து ஒட்டவைக்கிறது. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்துவிட்டன. முழுப் பாதையின் சாவியும் உள்ளே இடம் கிடைக்காத அந்த ஆறாவது வால்தான்.

இது வெறும் வேதியியல் விவரம் என்று நினைத்தால் பிளேக் கிருமியைப் பாருங்கள். தெள்ளுப்பூச்சியின் உடலில், குறைந்த வெப்பத்தில் வாழும்போது யெர்சினியா பெஸ்டிஸ் ஆறு வால் லிப்பிட் ஏ செய்கிறது. 37 டிகிரி உள்ள மனித உடலுக்குள் வந்ததும் பெரும்பாலும் நான்கு வால்களோடு நிறுத்திக்கொள்கிறது. நான்கும் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும், ஜோடி சேராது, மணி அடிக்காது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 37 டிகிரியிலும் ஆறு வால் செய்யும்படி அந்தக் கிருமியை மாற்றினார்கள். அப்படி மாற்றப்பட்ட பிளேக் கிருமி சுண்டெலிகளிடம் நோயை உண்டாக்கும் வலுவை இழந்துவிட்டது. இரண்டே இரண்டு கொழுப்பு வால்களின் வித்தியாசம்.

படி 4: சவ்வுக்குக் கீழே, ஒரு கோபுரம் எழும்புகிறது

வெளியே இரண்டு ஏற்பிகள் நெருங்கினால் உள்ளே அவற்றின் வால்களும் நெருங்கும். அந்த வாலுக்கு டிஐஆர் பகுதி என்று பெயர். ஜோடி சேர்ந்த டிஐஆர் பகுதிகள் டிராப் என்ற இணைப்புப் புரதத்தின் உதவியோடு மைடி88ஐ வரவழைக்கின்றன.

இங்கே பலரும் செய்யும் தவறு, ஓர் ஏற்பி ஒரு மைடி88ஐத் தொட்டு, அது ஓர் ஐராக்4ஐத் தொட்டு என்று தொடர் ஓட்டம் மாதிரி கற்பனை செய்துகொள்வது. புத்தகத்து அம்புக்குறிகள் அப்படித்தான் நினைக்கவைக்கும். 2010இல் இதன் படிக வடிவம் வெளிவந்தபோது தெரிந்தது வேறு: கீழே ஆறு மைடி88, அதன்மேல் நான்கு ஐராக்4, அதற்கும் மேல் நான்கு ஐராக்2, திருகுபடிக்கட்டு போலச் சுழன்று எழும் ஒரு கோபுரம். மைடோசோம் என்று அழைக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பேர் கூட வேண்டும்? ஐராக்4 ஒரு கைனேஸ், பிற புரதங்கள்மேல் பாஸ்பேட் ஒட்டும் நொதி. தனியாக மிதக்கும்போது அதன் வேலை மந்தம். நெருக்கியடித்து நிற்கவைத்தால் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டி எல்லாமே ஒரே நேரத்தில் முடுக்கப்படும். ஒன்றிரண்டு பேர் தற்செயலாக உரசினால் கோபுரம் எழும்பாது, செய்தியும் போகாது. கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று எழும்பும். பொய் எச்சரிக்கையை வடிகட்டும் வழி இது. இந்த உத்தி இன்னும் மூன்று இடங்களில் திரும்ப வரும், ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பிறவியிலேயே மைடி88 அல்லது ஐராக்4 இல்லாத குழந்தைகள் உண்டு. நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியா அவர்களைக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல்கூடச் சில சமயம் தாமதமாகத்தான் வரும். ஆனால் பெரும்பாலான வைரஸ்களையும் பூஞ்சைகளையும் சமாளித்துவிடுகிறார்கள். குழந்தைப்பருவத்தைத் தாண்டிவிட்டால் தொற்றுகளும் குறைந்துவிடுகின்றன. டிஎல்ஆர் பாதை உடைந்தால் எல்லாமே போச்சு என்று சுண்டெலிகளை வைத்து நாம் போட்ட கணக்கு முழுக்கச் சரியில்லை என்பதை இவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

படி 5: ஒரே சங்கிலி, இரண்டு அர்த்தம்

கோபுரத்திலிருந்து செய்தியை வாங்கிக்கொள்வது டிராஃப்6. அது யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோக்கும். யுபிக்விட்டின் என்றாலே ‘குப்பையில் போடு’ என்ற முத்திரை என்று படித்திருப்போம். பாதி உண்மை. ஒரு யுபிக்விட்டினின் 48ஆம் இடத்து லைசின் என்ற அமினோ அமிலத்தில் அடுத்ததைக் கோத்தால் குப்பை முத்திரை. 63ஆம் லைசினில் கோத்தால் அதே சங்கிலி ஒரு மேடை ஆகிவிடும், அதில் வந்து மற்றவர்கள் கூடலாம். டிராஃப்6 கோப்பது இரண்டாம் வகை. அந்த மேடையில் ஒரு பக்கம் டாக்1 கைனேஸும், இன்னொரு பக்கம் நீமோவோடு சேர்ந்த ஐகேகே கைனேஸும் வந்து நிற்கும். அருகருகே வந்ததும் முதலாவது இரண்டாவதை முடுக்கும்.

அப்புறம்தான் குப்பை முத்திரை வருகிறது. என்எஃப்-கப்பா-பி என்ற புரத ஜோடி மரபணுக்களை இயக்கக்கூடியது, ஆனால் சாதாரண நேரத்தில் ஐகப்பாபி-ஆல்ஃபா அதைக் கட்டிப்பிடித்து உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே நிறுத்திவைத்திருக்கும். ஐகேகே அந்தக் காவலாளிமேல் பாஸ்பேட் ஒட்டும். பாஸ்பேட் ஏறியதும் 48ஆம் வகைச் சங்கிலி கோக்கப்படும். செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அந்தக் காவலாளியை நறுக்கிவிடும். விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், ஐஎல்-6 முதலான நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பும்.

அப்படி எழுப்பும் மரபணுக்களில் ஒன்று ஐகப்பாபி-ஆல்ஃபாவேதான். தன்னைக் கட்டிப்போடும் காவலாளியைத் தானே திரும்ப உண்டாக்குகிறது. அதனால் சில வகைச் செல்களில் என்எஃப்-கப்பா-பி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஊசலாடும்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேக்ரோபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல்களுக்கு எல்பிஎஸ் கொடுத்து, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஐகப்பாபி-ஆல்ஃபா பட்டை காணாமல் போகும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். பூஜ்யத்திலும் இரண்டு மணியிலும் மட்டும் மாதிரி எடுத்தால் இரண்டு பட்டைகளும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவிடுவீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

படி 6: அதே ஏற்பி, இரண்டாவது இடம்

எல்பிஎஸ் பிடித்த டிஎல்ஆர்4 செல்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை. சவ்வு உள்நோக்கிக் குழிந்து, ஏற்பியை எண்டோசோம் என்ற சிறு பைக்குள் இழுத்துக்கொள்ளும். அங்கே அது மைடி88ஓடு கூடுவதில்லை. டிராம், டிரிஃப் என்ற வேறு இணைப்புப் புரதங்கள் காத்திருக்கின்றன. அவை டிபிகே1 கைனேஸை எழுப்ப, அது மரபணுக்களை இயக்கும் ஐஆர்எஃப்3ஐ எழுப்ப, வைரஸை எதிர்க்கச் செல்களைத் தயாராக்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா சுரக்கும். ஏற்பி அதே, பிடித்த பொருளும் அதே. நின்ற இடம் மாறியதால் பதில் மாறியது.

படி 7: டிஎன்ஏ, ஆர்என்ஏ வந்தால் சிக்கல் பெரிது

வைரஸுக்குத் தனியாக செல்சுவர் கிடையாது. அதன் உடம்பெல்லாம் நம் செல் செய்துகொடுத்ததுதான். மிஞ்சுவது அதன் நியூக்ளிக் அமிலம். ஆனால் நம்மிடமும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இருக்கிறதே? இங்கேதான் ‘எங்கே நிற்கிறது’ என்ற முதல் கேள்வி முழு எடையோடு வருகிறது.

டிஎல்ஆர்3 இரட்டை இழை ஆர்என்ஏவையும், 7உம் 8உம் ஒற்றை இழை ஆர்என்ஏவையும், 9 மீதைல் ஏறாத டிஎன்ஏவையும் பிடிக்கும். இவை நான்கும் நிற்பது எண்டோசோமுக்குள். யுஎன்சி93பி1 என்ற புரதம் இவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்குள்ள அமிலச் சூழலில் நொதிகள் வெட்டிவிட்ட பிறகுதான் டிஎல்ஆர்9 போன்றவை வேலைக்குத் தயாராகும். செத்த செல்லிலிருந்து சிந்தும் நம் டிஎன்ஏ வெளியிலேயே நொதிகளால் சிதைந்துவிடும்; வைரஸின் டிஎன்ஏ தன் உறைக்குள் பத்திரமாக எண்டோசோம் வரை வந்துசேரும். டிஎல்ஆர்9ஐச் செல்பரப்பில் நிற்கும்படி மாற்றிப் பார்த்தபோது அது நம் டிஎன்ஏவுக்கே மணி அடித்தது.

மனிதரில் டிஎல்ஆர்3 பாதை பழுதானால் மூளையைத் தாக்கும் ஹெர்பீஸ் காய்ச்சல் சில குழந்தைகளுக்கு வருகிறது. மற்ற வைரஸ்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. இவ்வளவு குறுகிய ஓட்டை என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நம் ஆர்என்ஏவில் பல எழுத்துகள் வேதி மாற்றம் பெற்றவை. அதைக் கவனித்த கத்தலின் கரிகோவும் டுரூ வெயிஸ்மனும், யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடின் போட்டால் இந்த ஏற்பிகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்று 2005இல் காட்டினார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழி திறந்தது அந்த ஒற்றை மாற்றம். 2023இல் நோபல் கிடைத்தது.

படி 8: சைட்டோபிளாசத்துக்குள்ளேயே நிற்கும் காவல்

வைரஸ் எண்டோசோமைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால்? அங்கே ரிக்-ஐ என்ற ஏற்பி நிற்கிறது. நம் எம்ஆர்என்ஏவின் 5 பிரைம் முனைக்குத் தொப்பி உண்டு. வைரஸ் ஆர்என்ஏ பலவற்றில் தொப்பியில்லாமல் மூன்று பாஸ்பேட் நீட்டிக்கொண்டிருக்கும். ரிக்-ஐ அந்த மொட்டை முனையைப் பிடிக்கும். நீண்ட இரட்டை இழைகளை எம்டிஏ5 பார்த்துக்கொள்ளும். இரண்டும் செய்தி சொல்வது மைட்டோகாண்ட்ரியாமேல் பதிந்திருக்கும் மாவ்ஸ் புரதத்திடம். ஒரு மாவ்ஸ் வடிவம் மாறினால் பக்கத்திலிருப்பதும் மாறும், சங்கிலியாக நார் போல நீளும். மறுபடியும் கூட்டம்தான். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இது தெரிந்திருக்கிறது போலும்: அதன் புரதம் வெட்டும் நொதி மாவ்ஸை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே அறுத்துவிடும். புரதம் இருந்தும் நிற்க இடமில்லாததால் செய்தி நின்றுபோகிறது.

டிஎன்ஏவுக்கு சிகாஸ் என்ற நொதி. இது டிஎன்ஏவின் எழுத்துவரிசையைப் படிப்பதே இல்லை. சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டிஎன்ஏவுக்கு என்ன வேலை என்பதே அதன் வாதம். டிஎன்ஏவைத் தொட்டதும் ஏடிபி, ஜிடிபி இரண்டையும் வளையமாக இணைத்து சிகாம்ப் என்ற தூது மூலக்கூறைச் செய்யும். அது ஸ்டிங் புரதத்தில் போய் ஒட்ட, ஸ்டிங் எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கைக்கு நகர்ந்து, கூட்டமாகச் சேர்ந்து, டிபிகே1, ஐஆர்எஃப்3 வழியாக இன்டர்ஃபெரானைக் கேட்கும். சிகாம்ப் பக்கத்துச் செல்லுக்கும் கசிந்து போகும்.

நாட்1, நாட்2 இரண்டும் இதே சைட்டோபிளாசத்தில் பாக்டீரியச் செல்சுவர்த் துணுக்குகளைத் தேடுபவை. நாட்2 மரபணுவின் சில வடிவங்கள் குடல் அழற்சி நோயான கிரோன் நோயோடு தொடர்புள்ளவை என்று 2001இல் தெரிந்தது. செல்பரப்பில் டெக்டின்-1 பூஞ்சையின் பீட்டா-குளுக்கானைப் பிடிக்கும். இவற்றுக்கு இவ்வளவு போதும்.

படி 9: இன்ஃப்ளமசோம், இரண்டு பூட்டுப் பெட்டி

ஐஎல்-1 பீட்டா அழற்சியைத் தூண்டும் ஆபத்தான பொருள், அதனால் அதற்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டை என்எஃப்-கப்பா-பி திறக்கும்: புரதம் தயாராகும், ஆனால் செயலற்ற முன்வடிவமாக. செல்லுக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்ற தனிச் செய்தி வந்தால்தான் இரண்டாவது திறக்கும். பொட்டாசியம் வெளியே ஒழுகினால் என்எல்ஆர்பி3 விழிக்கும். கசையிழைப் புரதம் சைட்டோபிளாசத்துக்குள்ளேயே வந்துவிட்டால் நைப்-என்எல்ஆர்சி4 விழிக்கும். இதே கசையிழைப் புரதம் செல்லுக்கு வெளியே இருந்திருந்தால் டிஎல்ஆர்5 பிடித்து வெறும் எச்சரிக்கையோடு விட்டிருக்கும்.

விழித்த என்எல்ஆர்பி3 ஆஸ்க் புரதத்தைக் கூட்டுகிறது; இந்தக் கூட்டுக்குத்தான் இன்ஃப்ளமசோம் என்று பெயர். ஒளிரும் ஆஸ்க் உள்ள செல்லை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். செல் முழுக்க மங்கலாகப் பரவியிருக்கும் பச்சை, சில நிமிடத்தில் எல்லாப் பக்கமிருந்தும் வடிந்துபோய் ஒரே ஒரு பொட்டாகச் சுருங்கும், ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலம். செல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மூன்றாவது கூட்டம் இதுதான். அந்தப் பொட்டில் காஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதி முடுக்கப்பட்டு ஐஎல்-1 பீட்டாவை வெட்டும், கூடவே காஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டும். வெட்டுண்ட காஸ்டெர்மின் துண்டுகள் சவ்வில் வட்டமாகக் கூடித் துளை போடும். அதன் வழியே ஐஎல்-1 பீட்டா வெளியேறும். பெரும்பாலும் செல் வீங்கி உடையும். அந்த உடைப்புகூடத் தற்செயல் இல்லை, நிஞ்1 என்ற புரதம் செய்யும் வேலை என்று 2021இல் தெரியவந்தது.

நம் பழைய எல்பிஎஸ் இங்கேயும் வருகிறது. அது சைட்டோபிளாசத்துக்குள் நுழைந்துவிட்டால் மனிதரில் காஸ்பேஸ்-4உம் 5உம், சுண்டெலியில் காஸ்பேஸ்-11உம் நேரடியாக லிப்பிட் ஏயைப் பிடித்து காஸ்டெர்மினை வெட்டும். டிஎல்ஆர்4க்கு இதில் வேலையே இல்லை.

படி 10: சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால்

இந்த ஏற்பிகளின் கூர்மை ஆய்வாளருக்கே எதிரி. மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் எல்பிஎஸ் செலுத்தினாலே காய்ச்சல் வரும். தட்டில் வளரும் மேக்ரோபேஜும் ஏறத்தாழ அதே அளவு கூர்மை. ஈ.கோலையில் தயாரித்த எந்தப் புரதத்திலும் எல்பிஎஸ் ஒட்டிக்கொண்டு வரும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் டிஎல்ஆர்4ஐ எழுப்புகின்றன என்று ஒரு காலத்தில் வந்த கட்டுரைகள் பல இப்படித்தான் சந்தேகத்துக்குள்ளாயின.

ஒருமுறை நான் சுத்தப்படுத்திய புரதம் மேக்ரோபேஜ்களில் டிஎன்எஃப்பை அள்ளிக் கொட்டவைத்தது. மூன்று மாதம் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம் டிஎல்ஆர்4 இல்லாத மேக்ரோபேஜ்களுக்கு அதே புரதத்தைக் கொடுத்தேன், ஒரு துளி டிஎன்எஃப்கூட இல்லை. பாலிமிக்சின் பி என்ற மருந்தைக் கலந்தால் லிப்பிட் ஏ கட்டுண்டுவிடும். கலந்து பார்த்தேன், சாதாரண செல்களிலும் அடங்கிப்போனது. புரதத்தைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், மறுபடி அதே டிஎன்எஃப். புரதம் கொதித்தால் சிதையும், எல்பிஎஸ் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கொதிக்கவைப்பதை மட்டும் நம்பாதீர்கள், மிகக் குறைந்த எல்பிஎஸ் அதிலும் வலுவிழக்கக்கூடும். டிஎல்ஆர்4 இல்லாத செல்தான் கடைசி நீதிபதி. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யும், எல்பிஎஸ் இருப்பதைக் காட்டும் எல்ஏஎல் சோதனையைப் புரதம் கைக்கு வந்த முதல் நாளே செய்துவிடுங்கள். நான் அதை நாலாவது மாதத்தில்தான் செய்தேன்.